சூப்பரெண்டின் தெர்மாமீட்டர்

என் அறையில், காலண்டருக்குப் பக்கத்தில், ஒரு தெர்மாமீட்டர் தொங்குகிறது. பித்தளைத் தகட்டில் பதித்த கண்ணாடிக் குழாய். ஒரு சாண் நீளம்கூட இருக்காது. வருஷத்தில் முக்கால்வாசி நாட்கள் அதில் பாதரசம் இருப்பதே தெரியாது. அதன் கோடுகள் தொண்ணூற்றைந்து டிகிரியில்தான் ஆரம்பிக்கின்றன. அதற்குக் கீழே நடப்பது எதுவும் அதன் இலாகா அல்ல. நூற்றி மூன்றில் மட்டும் ஒரு சிவப்புக் கோடு. கத்திரி வெயில் வந்தால் பாதரசம் அடியிலிருந்து மெல்ல எட்டிப் பார்க்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதை ஜுரம் பார்க்கும் கருவி என்று நினைத்துக்கொண்டு என் உடம்பை விசாரிப்பார்கள். உடம்பு நன்றாகவே இருக்கிறது. அது முட்டை பொரிக்கும் பெட்டிக்குள் வைக்கிற தெர்மாமீட்டர். அந்தக் காலத்து இன்குபேட்டர் ஒன்றிலிருந்து கழற்றியது.

போன மாதம் இங்கே கோட்டூர்புரத்தில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர் காடை வளர்க்க ஆசைப்பட்டு, மின்சார இன்குபேட்டர் ஒன்று வாங்கி வந்தார். என் சுவரைப் பார்த்திருந்ததால் என்னிடம் யோசனை கேட்டார். பெட்டியை வெயிலும் காற்றும் படாத அறையில், ஆடாமல் வையுங்கள். முட்டை வைக்கும் முன் ஒரு நாள் வெறும் பெட்டியை ஓடவிட்டுச் சூடு நிலைக்கிறதா என்று பாருங்கள். தெர்மாமீட்டரின் குமிழ் முட்டையின் தலைமட்டத்தில் இருக்கட்டும். கடைசி நாட்களில் முட்டையைத் திருப்பாதீர்கள், குஞ்சு ஓட்டைக் கொத்த ஆரம்பித்த பிறகு மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள் என்றேன். அவர் நான் சொன்னபடியே செய்தார். ஏறக்குறைய எல்லா முட்டையும் பொரிந்தன. ஒரு டப்பா மைசூர்பாகு கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு அதில் ஒரு சுவாரஸ்யமும் ஏற்படவில்லை. இதே யோசனைகளை, இதைவிடத் தெளிவாக, நான் வாலிபத்தில் ஒரு மனிதருக்குக் கொடுத்திருக்கிறேன். அவர் அவற்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. கேட்கமாட்டார் என்பதற்காகவே கொடுத்தேன்.

அவரை நாங்கள் சூப்பரெண்டு என்போம். ஆங்கிலத்தில் அந்தப் பதவியின் பெயர் இன்னும் நீளம். முழுதாகச் சொல்ல எங்களுக்கு மூச்சு போதாது. முப்பதுகளில் சென்னையில் ஒரு சர்க்கார் ஆபீசில் நான் குமாஸ்தா; அவர் எங்கள் பகுதிக்கு எஜமானர். பஞ்சகச்சம், மூடிய கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர். மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்துத் தெருக்கள் போட்டபோது முதலில் மனை வாங்கியவர்களில் ஒருவர். தியாகராய நகர் என்று சொல்ல ஊர் அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தது. அங்கே பங்களா கட்டி, மோட்டார் வாங்குவதற்கு முன்பே மோட்டார் கொட்டகை கட்டினார். கொட்டகைக்கு மேலே தகரக் கூரை. இந்தக் கூரை பின்னால் வரும்.

அவர் உத்தரவு போடும் முறை தனி. கீழே இருப்பவன் எதைச் சிபாரிசு செய்கிறானோ அதற்கு நேர் எதிராகத்தான் உத்தரவு வரும். மழைக்கு முன்னால் ஓடு மாற்றலாம் என்று எழுதினால், மழை முடியட்டும் என்பார். மழை முடிந்து மாற்றலாம் என்று எழுதினால், "அதுவரைக்கும் ஆபீஸ் நனைஞ்சுண்டே இருக்கணுமோ?" என்று சீறி, அன்றைக்கே கொத்தனாரை வரவழைப்பார். குமாஸ்தா சொன்னது சரி என்று ஒரு தடவை ஒப்புக்கொண்டால் நாற்காலியின் ஒரு கால் போய்விடும் என்று அவருக்குப் பயம். ஆகவே ஆபீசில் எல்லோரும் ஒரு வித்தை கற்றிருந்தார்கள். "காரியம் ஆகணுமா, தலைகீழா எழுதுங்காணும்" என்று நான் சேர்ந்த முதல் நாளே ஒரு மூத்த குமாஸ்தா எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நல்லது நடக்க வேண்டும் என்பதற்காக ஒரு பெரிய சர்க்கார் ஆபீசே வருஷக்கணக்காகத் தப்புத் தப்பாக எழுதிக்கொண்டிருந்தது.

நான் வேலையில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன; வேலை இன்னும் காயமாகவில்லை, நிரந்தர உத்தரவு வரவில்லை. கத்திரி உச்சத்தில் ஒரு நாள் காலை, அப்பா கவலைக்கிடமாக இருப்பதாகச் செங்கல்பட்டிலிருந்து தந்தி வந்தது. நான் மயிலாப்பூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். எழும்பூரில் நடுப்பகல் ரயிலைப் பிடித்தால் செங்கல்பட்டு எவ்வளவு தூரம்? தந்தியை எடுத்துக்கொண்டு சூப்பரெண்டின் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். படித்தார். மடித்து என்னிடமே கொடுத்தார்.

"லீவுக்கு முந்தின நாளே எழுதிக் கொடுத்திருக்கணும். தெரியுமோன்னோ?"

"தந்தி இன்னிக்குக் காலம்பரதான் வந்தது, சார்."

"அதுக்கு நான் என்ன பண்றது? ரூல்ல இடம் இல்லை. சாயங்காலம் ஆபீஸ் விட்டப்புறம் போய்க்கும்."

சொல்லாமல் எழுந்து போயிருக்கலாம். போனால் வேலை போயிருக்கும்; எனக்குக் கீழே இரண்டு தங்கைகள் இருந்தார்கள். என் இடத்துக்குத் திரும்பி உட்கார்ந்து, அன்றைக்கு ஏதோ நகல் எடுத்தேன். எதை எடுத்தேன் என்று நினைவில்லை. எழுத்து மட்டும் நன்றாக வந்தது. அப்பா காலையிலேயே போய்விட்டிருந்தார். நடுப்பகல் ரயிலுக்குப் பார்த்திருக்கிறார்கள், அடுத்த ரயிலுக்கும் பார்த்திருக்கிறார்கள். கத்திரி வெயிலில் உடலை வைத்திருக்க முடியாது. நான் போய் இறங்கியபோது வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஒரே மகன் நான். என் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தது சித்தப்பாவின் பிள்ளை. கூடத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என்னைப் பார்த்து, "லீவு குடுக்கலையாடா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. பேசியிருந்தால் நான் ஒருவேளை மறந்திருப்பேன். காரியங்களுக்கான லீவை நான் முந்தின நாளே எழுதிக் கொடுத்தேன். அதை மட்டும் சூப்பரெண்டு எதிர் உத்தரவு போடாமல் அனுமதித்தார்.

அன்று முதல் ரூல் புத்தகங்களை உருப்போட ஆரம்பித்தேன். லீவு விதி, படி விதி, பென்ஷன் விதி, கோப்பு கட்டும் கயிற்றின் நிறத்துக்குக்கூட ஒரு விதி உண்டு, அதுவும். சீக்கிரமே, எதிலாவது சந்தேகம் என்றால் என்னைக் கேட்பது என்று ஆகிவிட்டது. பழிவாங்குவது என்பது தீர்மானமாகிவிட்டது, வழிதான் தெரியவில்லை. அவசரமும் இல்லை. பழியும் பென்ஷன் மாதிரிதான். சர்வீஸ் போட்டால்தான் கிடைக்கும்.

மூன்று வருஷம் சர்வீஸ் போட்டேன். சூப்பரெண்டுக்கு ரிடையர் ஆகும் வயது நெருங்கியது. தன்னைப் பார்த்து எழுந்து நிற்க ஆளில்லாத ஒரு காலைப்பொழுதை அவரால் கற்பனை செய்ய முடியவில்லை. எக்ஸ்டென்ஷன் வேண்டும். அது எங்கள் இலாகாவின் தலைவரான வெள்ளைக்காரத் துரையின் கையில் இருந்தது. துரை அந்த வருஷம் சீமைக்கு லீவில் போக இருந்தார். போவதற்குள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். துரைக்குக் காடை என்றால் பிராணன். விடுமுறை நாட்களில் துப்பாக்கியோடு பெருங்குடிப் பக்கத்து வயல்களில்தான் இருப்பார்.

அடையாற்றில் துரையின் பங்களாவில் ஒரு தேநீர் விருந்து. சூப்பரெண்டை அழைத்திருந்தார்கள், கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நின்றேன். பேச்சுவாக்கில் துரை, தன் தகப்பனார் சீமையில் காடை முட்டைகளை இயந்திரத்தில் வைத்துப் பொரித்ததைச் சொன்னார். சூப்பரெண்டு உடனே, தலைப்பாகை ஆட, தமக்கும் அதே ஹாபிதான், வீட்டிலேயே செய்கிறோம் என்றார். முட்டை என்ற சொல்லைக்கூட வீட்டில் உச்சரிக்க முடியாதவர். துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கப்பல் ஏறுவதற்கு முன் கட்டாயம் வந்து பார்க்கிறேன் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

திரும்பும்போது சூப்பரெண்டின் வண்டியிலேயே வந்தேன். மயிலாப்பூர் குளம் தாண்டியதும் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "ஓய், காடை முட்டை எங்கங்காணும் கிடைக்கும்?"

எனக்கு வழி தெரிந்துவிட்டது.

மறுநாளே இன்குபேட்டர் பற்றிச் சென்னையில் கிடைத்த புத்தகங்களையெல்லாம் தேடிப் படித்தேன். விதிப் புத்தகம் படித்துப் பழகியவனுக்கு அது கஷ்டமில்லை. மின்சாரப் பெட்டிகள் இங்கே வராத காலம். மண்ணெண்ணெய் விளக்கு வெளியே எரியும். அதன் சூடு பெட்டிக்குள் போகும். சூட்டை வெறும் காற்றாகவே உள்ளே விடுவது ஒரு வகை. தண்ணீர்த் தொட்டி ஒன்றைச் சூடாக்கி அதன் கீழே முட்டையை வைப்பது இன்னொரு வகை. தண்ணீர் வகையில் திரி சற்று மங்கினாலும் சூடு உடனே இறங்காது. சாந்தோமில் கோழி வளர்த்துக்கொண்டிருந்த ஓர் ஆங்கிலோ-இந்தியர், ஊரைவிட்டுப் போவதால், அப்படிப்பட்ட சிறிய பெட்டி ஒன்றை விற்க இருந்தார். அதில் தெர்மாமீட்டர் முட்டைகளோடு முட்டையாகப் படுத்திருக்கும். காடைக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. மவுண்ட் ரோடு கடையில் இன்னொன்று இருந்தது: சூட்டுக்காற்று வகை, தேக்குப் பலகை, பித்தளைக் கைப்பிடி, முன்னால் கண்ணாடிக் கதவு. கோழி முட்டைக்கென்றே செய்தது. தட்டின் கம்பி வலையில் காடை முட்டை பாதி இறங்கிவிடும்.

சூப்பரெண்டிடம் போய், மரியாதையாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொன்னேன். "சாந்தோம் பெட்டிதான் சரி, சார். மவுண்ட் ரோடு பெட்டி கூடவே கூடாது."

"துரை வந்து நிக்கறச்சே அந்தத் தகர டப்பாவைக் காட்டச் சொல்றீரா?" என்றார். "உம்ம புத்தி மயிலாப்பூர் சந்தைத் தாண்டாது."

மாலையில் மவுண்ட் ரோடு பெட்டி மாட்டு வண்டியில் மாம்பலம் வந்து சேர்ந்தது.

அதை எங்கே வைப்பது என்பதில் அவருடைய மனைவி எனக்கு உதவினார். நான் கூடத்தை அடுத்த சாமான் அறையைச் சொன்னேன். தடித்த சுவர், சீரான சூடு. மாமி வாசற்படியில் நின்றுகொண்டு, "அந்த அனாசாரம் ஆத்துக்குள்ள வந்ததுன்னா நான் பொறந்தாத்துக்குப் போயிண்டே இருப்பேன்" என்றார். "மோட்டார் கொட்டகை மட்டும் வேண்டாம், சார். தகரக் கூரை, பகலில் காயும், சாயங்காலம் கடல் காற்றில் சட்டென்று குளிர்ந்துவிடும்" என்று நான் கெஞ்சினேன். கெஞ்சியதில் ஒரு துளி நடிப்பு இல்லை. நான் சொன்னது அத்தனையும் உண்மை. பெட்டி மோட்டார் கொட்டகைக்குப் போனது.

முட்டைக்குப் பெருங்குடி போனேன். முதல் மழை பெய்து வயலோரப் புல் வளர்ந்திருந்த சமயம். கண்ணி வைத்துக் காடை பிடிக்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். முட்டை வேண்டும் என்றதும் என் குடுமியை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சாமி, துண்றதுக்கா?"

"இல்லை. குஞ்சு எடுக்க."

"தாய் ஒக்காந்துக்கினு கீற முட்டைய எட்டுக்கினு போய் நீ ஒக்காரப் போறியா?" என்று பல் தெரியச் சிரித்தார். "யாரு ஊட்டுல?"

"எங்க ஆபீஸ் எஜமானர் வீட்டில். ஐயர்."

"ஐயரு ஊட்டுலயா!" அவருடைய சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "சர்தான் நைனா. ஆட்டாம எட்டுக்கினு போ. குலுங்கிச்சின்னா அம்புட்டுதான்."

புத்தம் புதிய முட்டைகளாகப் பொறுக்கிக் கொடுத்தார். கட்டை விரல் நுனி அளவு; பழுப்பு நிறத்தில் மை தெளித்தது போல் புள்ளிகள். உமி நிரப்பிய கூடையில், மடியில் வைத்துக்கொண்டு, குலுங்காமல் மாம்பலம் கொண்டு சேர்த்தேன். நான் சதி செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த வேலையில் நான் எடுத்த சிரத்தையை என் சொந்த வேலையில்கூட எடுத்ததில்லை.

முட்டைகளைத் தட்டில் அடுக்கிய அன்றுதான் முக்கியமான யோசனையைச் சொன்னேன். இந்த வகைப் பெட்டியில் சூடு மேலிருந்து வருகிறது. ஆகவே மேலே சூடு அதிகம், கீழே போகப் போகக் குறைவு. தெர்மாமீட்டர் கோழி முட்டையின் தலைமட்டத்துக்குத் தொங்குகிறது. காடை முட்டை அதற்கு வெகு கீழே, கம்பிக்குள் அமிழ்ந்து கிடக்கிறது. தெர்மாமீட்டர் நூற்றி மூன்று காட்டும்போது முட்டைக்கு அதில் இரண்டு மூன்று டிகிரி குறைவாகத்தான் கிடைக்கும். மெல்லிய மரச்சட்டங்களை அடியில் கொடுத்துத் தட்டை உயர்த்திவிட்டால் சரியாகிவிடும். இல்லாவிட்டால் குஞ்சு சாகாமல் தப்பினாலும், சொன்ன நாளில் வராது, பிந்தும். சட்டங்களைக்கூட அறுத்துக் கையில் கொண்டுபோயிருந்தேன்.

"இந்தத் தட்டை உயர்த்தியே தீர வேண்டும், சார்" என்றேன். அந்த 'தீர வேண்டும்' என்பதில் சற்று அழுத்தம் கொடுத்தேன். என் குற்றம் என்று எதையாவது சொல்லப்போனால் அந்த அழுத்தம்தான்.

"சீமைல மெஷின் பண்ணினவன் முட்டாள், நீர் மேதாவியா? அவன் அங்க தொங்க விட்டிருக்கான்னா அதுல அர்த்தம் இருக்குங்காணும். தெர்மாமீட்டர் பொய் சொல்லுமா? சட்டத்தை எடுத்துண்டு போய் அடுப்புல வையும்."

அடுப்பில் வைக்கவில்லை. பெட்டிக்குப் பின்னால் சாத்தி வைத்தேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையும் மாலையும் சைக்கிளில் மாம்பலம் போனேன். திரியைக் கத்தரித்தேன், எண்ணெய் ஊற்றினேன், முட்டைகளைத் திருப்பினேன். சூப்பரெண்டு மடியாகக் குளித்துவிட்டு வந்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணாடி வழியாகத் தெர்மாமீட்டரை மட்டும் பார்ப்பார். "பாரும், நூத்தி மூணு. பாரும்" என்பார். பாதரசம் கூரையின் சூட்டில் ஏறி இறங்கினாலும், ஒருவழியாகச் சிவப்புக் கோட்டருகே நின்றது. அவருக்கு அந்தக் கோடு போதும். நான் பார்க்கிறேன் என்பது தெரியாமல் ஒரு நாள், கண்ணாடியில் மூக்கு படக் குனிந்து, முட்டைகளிடம் மெதுவாக ஏதோ சொன்னார். ஸ்லோகமாக இருக்கலாம். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். அப்பாவுக்கு வாயில் ஜலம் விட்டது யார் என்று யோசித்துக்கொண்டேன், இரக்கம் வரவில்லை.

புத்தகக் கணக்குப்படி குஞ்சுகள் வெளிவர வேண்டிய வெள்ளிக்கிழமை மாலைக்குத் துரையை அழைத்திருந்தார். துரை அன்று இரவே மெயிலில் பம்பாய் போய்க் கப்பல் ஏறுவதாக ஏற்பாடு. "ஒரு நாள் பிந்தும், சார். தட்டு தாழ்வாக இருக்கிறது" என்று மறுபடி சொல்லிப் பார்த்தேன். "அபசகுனமாப் பேசாதீரும்" என்றார்.

வெள்ளிக்கிழமை கொட்டகைக்குக் கோலம் போட்டு, மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். மாமி உள்ளேயே இருந்துவிட்டார். துரை வந்து, தொப்பியைக் கழற்றி, கண்ணாடிக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்தார். முட்டைகள் முட்டைகளாகவே கிடந்தன. சில முட்டைகளில் மட்டும் ஊசி குத்தினாற்போல் ஒரு விரிசல். ஒன்றில் ஓட்டுத் துணுக்கு உயர்ந்து, உயர்ந்து, அடங்கியது. துரை அதைப் பார்த்துப் புன்னகை செய்தார், பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சூப்பரெண்டின் தலைப்பாகைக்குக் கீழே வியர்வை வழிந்தது. அவருடைய கை கதவின் பித்தளைப் பிடிக்குப் போனது.

அந்தக் கணத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், ஒருவேளை அவரே கையை எடுத்திருப்பார். ஆனால் சரியான யோசனையைச் சரியான நேரத்தில் சொல்வது என் கடமை.

"திறக்கக் கூடாது, சார்!" என்றேன், ஆங்கிலத்தில், துரைக்குக் கேட்கும்படி. "இப்போது திறந்தால் உள்ளே ஈரம் போய்விடும். சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிவிடும்."

துரைக்கு முன்னால் ஒரு குமாஸ்தா சொல்லி, சூப்பரெண்டு கேட்பதா? "வாயை மூடும்" என்று தமிழில் என்னிடம் சொல்லிவிட்டு, கதவை விரியத் திறந்தார். விரிசல் விட்ட முட்டையை, பிறந்தது முதல் முட்டையைத் தொடாத விரல்களால் எடுத்து, துரையின் முகத்துக்கு நேரே நீட்டி, நகத்தால் ஓட்டைப் பெயர்க்கப் பார்த்தார். துரை அந்த முட்டையை வாங்கித் தாமே உள்ளே வைத்து, கதவைச் சாத்தினார். எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

அவர் சொன்னதை அப்படியே மொழிபெயர்க்கிறேன்: "என் தகப்பனார் வீட்டில், பொரிக்கும் நேரத்தில் இந்தக் கதவைத் திறந்தவனுக்கு மறுநாள் வேலை இருக்காது. உங்கள் ஹாபி எத்தனை நாளாக நடக்கிறது?" பிறகு என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். கார் புறப்பட்டுப் போயிற்று.

சூப்பரெண்டு தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். அவரிடமிருந்து உத்தரவு எதுவும் இல்லாமல் போனது அதுதான் முதல் முறை. உத்தரவு இல்லாத இடத்தில் ஒரு குமாஸ்தா தன் புத்தியை உபயோகிக்கலாம். அதற்கு விதி உண்டு. சாத்தி வைத்திருந்த சட்டங்களை எடுத்துத் தட்டுக்கு அடியில் கொடுத்தேன். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை உள்ளே விரித்தேன். திரியைத் திருத்தி, எண்ணெயை நிரப்பி, கதவைச் சாத்திவிட்டு மயிலாப்பூர் போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் காலை நான் போனபோது கொட்டகைக்குள் நுழைவதற்கு முன்பே சத்தம் கேட்டது. மிக மெல்லிய சத்தம். பாதிக்கு மேல் முட்டைகள் அசையவில்லை. ஆனால் தட்டில் ஐந்தாறு குஞ்சுகள் நின்றுகொண்டிருந்தன. பெரிய வண்டு அளவு, மஞ்சளும் கறுப்புமாகக் கோடுகள், ஈரம் காயாத தலை. பிஸ்கட் டின்னில் துளை போட்டு, பஞ்சு வைத்து, அவற்றை எடுத்துக்கொண்டு நேராக ஆபீசுக்குப் போனேன்.

எனக்கு முன்னால் செய்தி வந்திருந்தது. துரை ரயில் ஏறும்போதே தமக்குப் பதிலாக வந்தவரிடம் சொல்லிவிட்டாராம். வாசலில் எங்கள் டவாலி சேவகர் என் காதருகே வந்து, "எக்ஸ்டென்சன் கெடையாதாமே நைனா. இன்னா நடந்துச்சு அங்க?" என்றார். எல்லாக் குமாஸ்தாக்களும் வேலை செய்வதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். சூப்பரெண்டு தம் இடத்தில் இருந்தார். முன்பு தந்தியை வைத்த அதே மேஜைமேல், ஏறக்குறைய அதே இடத்தில், டின்னை வைத்துத் திறந்தேன்.

"பொரிந்துவிட்டது, சார்."

அவர் டின்னுக்குள் பார்த்தார். என்னைப் பார்த்தார். குஞ்சுகளின் சத்தம் அறை முழுவதும் கேட்டது.

"நேத்திக்கு..." என்று ஆரம்பித்தார்.

"ஆமாம் சார். முந்தின நாளே வந்திருக்கணும்" என்றேன். "இப்போ ரூல்ல இடம் இல்லை."

மூன்று வருஷமாக நான் பலவிதமாக எழுதித் திருத்தி வைத்திருந்த வாக்கியங்கள் உண்டு. அவற்றில் எதுவும் தேவைப்படவில்லை. அவருக்குப் புரிந்தது. முகத்தில் ரத்தம் ஏறி, பிறகு முழுக்க வற்றிப்போனதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கோபித்துக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மேலே சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். "அதை நிறுத்துடா" என்று டவாலியிடம் சொன்னார். "குஞ்சுக்குக் குளிரும்." யாரும் எதிர்மாறாகச் சொல்லாமல், தாமாகவே அவர் போட்ட சரியான உத்தரவு என் அறிவில் அது ஒன்றுதான். எனக்கு அது பிடிக்கவில்லை. என் சந்தோஷத்தில் அவர் கையை வைத்துவிட்டது போல் இருந்தது. டின்னை மதியம் டவாலி தம் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். குஞ்சுகள் என்னவாயின என்று நான் விசாரிக்கவில்லை.

அவர் ரிடையர் ஆகி இரண்டு மூன்று வருஷம் கழித்து, மாம்பலத்திலிருந்து ஆள் அனுப்பினார். பென்ஷனில் ஏதோ சிக்கல், எனக்குத்தான் விதிகள் தெரியும் என்று. போனேன். கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார்; நன்றாக மெலிந்திருந்தார். மாமி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். சிக்கலை அவிழ்த்துக் கொடுத்தேன். அதில் அவர் எதிர்மாறாக எதுவும் சொல்லவில்லை. நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். கிளம்பும்போது, "இரும்" என்று உள்ளே போய், ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். பெட்டியைப் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டாராம். இதை மட்டும் கழற்றி வைத்திருந்தாராம். பிரித்தால் தெர்மாமீட்டர்.

"இது பொய் சொல்லலை. எந்த உயரத்துல தொங்கித்தோ அந்த உயரத்துச் சூட்டைச் சொல்லித்து" என்றார். "ஆபீஸ்ல ஒவ்வொருத்தனும் எனக்குத் தலைகீழாத்தான் எழுதிண்டிருந்தான். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சேளா? முப்பது வருஷம் அதுலதானே வண்டி ஓடித்து. நீர் ஒருத்தர்தான்... ஒரு தரம், ஒரே ஒரு தரம், எனக்குத் தப்பாச் சொல்லியிருக்கப்படாதா, ஓய்?"

"அதுக்கு ரூல்ல இடம் இல்லை, சார்" என்றேன்.

அவர் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். நான் பொட்டலத்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கடுத்த வருஷம் அவர் காலமான செய்தி வந்தபோது எனக்கு லீவு கேட்கத் தோன்றவில்லை. அவருக்கு மகன்கள் மூன்று பேர். மூவரும் உள்ளூரிலேயே இருந்தார்கள்.

இந்த வருஷமும் கத்திரி பிறந்துவிட்டது. அப்பாவின் திதி எப்போதும் இந்த நாட்களில்தான் வரும். காலையில் தர்ப்பணம் செய்துவிட்டு அறைக்கு வந்தேன். ஜன்னல்களைச் சாத்தியும் வெயில் உள்ளேதான் இருந்தது. மருமகள் தாம்பாளத்தை எடுக்க வந்தவள், "ரொம்பப் புழுக்கமா இருக்கு மாமா, வெட்டிவேர்த் தட்டியை நனைச்சுக் கட்டட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். தெர்மாமீட்டரில் பாதரசம் வந்துவிட்டது. மெல்லிய வெள்ளிக் கோடாகத் தொண்ணூற்றெட்டைத் தாண்டி நின்றது. இதைச் சுவரில் மாட்டியபோது குமிழ் என் கண்மட்டத்துக்கு வரும்படி ஆணி அடித்தேன். இப்போது நான் கூன் விழுந்து தாழ்ந்துவிட்டதால் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. மேலே அது எவ்வளவு காட்டினாலும் இங்கே கீழே எனக்குக் கிடைப்பது இரண்டு டிகிரி குறைவுதான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அது சிவப்புக் கோட்டுக்கு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.